'பட்'டுக்குப் பின்னாடி நிக்குற குட்டி வார்த்தை: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல நிறைய ஒரே இடத்தையே சுத்தி வருது. இங்கிலீஷ்ல 'பட்', 'அண்ட்', 'ஆர்', 'இஃப்' மாதிரி ஒரு கன்ஜங்ஷன், அதாவது ஒட்டுற வார்த்தை வரும், அதை ஒட்டியே 'ரேதர்', 'யெட்', 'தென்', 'ஒன்லி', 'அட் லீஸ்ட்'னு இன்னொரு குட்டி வார்த்தை வந்து நிக்கும், அது எதுக்கு, எடுத்துட்டா என்ன ஆகும், தமிழ்ல அதை எப்படிச் சொல்றதுன்னு ஆளாளுக்கு கேட்டிருக்கீங்க. அதனால மத்த கேள்விகளை ஒதுக்கி வச்சுட்டு இந்த இதழ் முழுக்க இதையே எடுத்துக்குறேன். இங்கிலீஷ் வார்த்தைங்களை தமிழ் எழுத்துலயே மேற்கோள் குறிக்குள்ள போடுறேன், ஒப்பீட்டுக்கு வர்ற 'தேன்' மட்டும் கண்ணுக்கு கொஞ்சம் குழப்பும், பாத்துக்கோங்க.

கேள்வி: ரிப்போர்ட் ஒண்ணுல 'த ப்ராப்ளம் இஸ் நாட் த சாஃப்ட்வேர் பட் ரேதர் த டேட்டா'ன்னு எழுதினேன். மேனேஜர் 'ரேதர்'ஐ அடிச்சுட்டு "பட் போதும்"னு சொல்லிட்டார். எது சரி?

உங்க மேனேஜர் அடிச்சது தப்பில்லைங்க, நீங்க எழுதினதும் தப்பில்ல. ஆனா அந்த 'ரேதர்' அங்க என்ன வேலை பாக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா அடுத்த தடவை வைக்கலாமா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணலாம்.

இங்கிலீஷ் 'பட்' ரெண்டு வேலை பாக்குது. ஒண்ணு, ரெண்டு விஷயமும் உண்மை, ஒண்ணுக்கொண்ணு இழுக்குதுன்னு சொல்றது: சின்ன வீடு ஆனா வசதியான வீடு. இன்னொண்ணு, முதல்ல சொன்னதை தூக்கிப் போட்டுட்டு அந்த இடத்துல வேற ஒண்ணை வைக்கிறது: சாஃப்ட்வேர் இல்ல, டேட்டா. இந்த ரெண்டும் வேற வேற வேலைன்னு சில மொழிங்க தனித்தனி வார்த்தையே வச்சிருக்கு, ஜெர்மன்ல முதல் வேலைக்கு 'ஆபர்', ரெண்டாவதுக்கு 'ஸோன்டர்ன்', ஸ்பானிஷ்ல 'பேரோ', 'சீனோ'. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் 'பட்' ஒண்ணுதான், அதனால ரெண்டாவது வேலையை தெளிவா காட்டணும்னு நினைக்கிறப்போ 'ரேதர்'ஐ துணைக்கு கூப்பிடுறாங்க.

தமிழ் இதுல என்ன பண்ணுது பாருங்க. 'பிரச்சினை சாஃப்ட்வேர் இல்ல, டேட்டா'. அவ்வளவுதான், நடுவுல ஒரு வார்த்தையும் வேண்டாம், அந்த 'இல்ல'வே வேலையை முடிச்சுருது. அதுல நாம 'ஆனா'ன்னு ஒண்ணை சொருகினா அர்த்தமே திரும்பிரும். 'அவர் டாக்டர் இல்ல, நர்ஸ்'னா திருத்தம். 'அவர் டாக்டர் இல்ல, ஆனா நர்ஸ்'னா டாக்டர் இல்லாட்டியும் பரவாயில்ல, ஓரளவு தெரிஞ்சவர்தான்னு ஒரு சமாதானம் உள்ள வந்துருது. இதை ஒரு தடவை வாய்விட்டு சொல்லிப் பாருங்க, காதுக்கே தெரியும். எழுத்துத் தமிழ்ல 'மாறாக'ன்னு போடுவாங்க, பேச்சுல யாரும் அதை சொல்றதில்ல.

'ரேதர்' எப்படி இந்த வேலைக்கு வந்துச்சுங்கிறதும் நல்ல கதை. பழைய இங்கிலீஷ்ல 'சீக்கிரம்'ங்கிற அர்த்தத்துல ஒரு வார்த்தை இருந்துச்சு, அதோட ஒப்பீட்டு வடிவம்தான் 'ரேதர்', அதாவது 'இன்னும் சீக்கிரமா', 'முன்னாடியே'. எதை முன்னாடி எடுப்பேனோ அதுதானே எனக்குப் பிடிச்சது, அதனால அது விருப்பத்தைச் சொல்ற வார்த்தை ஆச்சு, அதுக்கப்புறம் 'அதுன்னு சொல்றதை விட இதுன்னு சொல்றதே சரி'ங்கிற திருத்தத்துக்கு வந்துச்சு. 'ஐ வுட் சூனர்'னு இப்பவும் சொல்றாங்களே, அதுலயும் 'சூனர்' அதே ரூட்ல வந்ததுதான்.

சரி எப்ப வைக்கலாம்? 'நாட்'டுக்கும் 'பட்'டுக்கும் நடுவுல தூரம் அதிகமா இருந்தா வைங்க, ஏன்னா படிக்கிறவர் அந்த 'நாட்'ஐ மறந்திருப்பார், 'ரேதர்' அதை ஞாபகப்படுத்தும். உங்க வாக்கியம் சின்னது, அதனால நான் எழுதியிருந்தாலும் விட்டிருப்பேன். இன்னொண்ணு, பின்னாடி பெயர்ச்சொல் வந்தா ஆபத்தில்ல, ஆனா அட்ஜெக்டிவ் வந்தா கவனம். 'ஹி இஸ் நாட் ஸிக் பட் ரேதர் டயர்ட்'னு எழுதினா 'நோய் இல்ல, அசதிதான்'னும் படிக்கலாம், 'நோய் இல்ல, ஆனா நல்லாவே அசந்திருக்கார்'னும் படிக்கலாம், ஏன்னா 'ரேதர்'க்கு 'ஓரளவு அதிகமா'ன்னும் ஒரு அர்த்தம் இருக்கு. அந்த மாதிரி இடத்துல 'ஜஸ்ட் டயர்ட்'னு மாத்திடுங்க.

கேள்வி: 'பட் யெட்'னு எழுதினா தப்பு, ரெண்டுமே கன்ஜங்ஷன்னு கிளாஸ்ல சொல்லிக்கொடுத்தாங்க. அப்போ 'அண்ட் யெட்' மட்டும் எப்படி சரியாகும்? அதுவும் ரெண்டு கன்ஜங்ஷன்தானே?

ரொம்ப நல்ல கேள்விம்மா. 'யெட்' அண்ட் 'ஸோ' ரெண்டும் வேலி மேல உக்காந்திருக்கிற வார்த்தைங்க, ஒரு கால் கன்ஜங்ஷன் பக்கம், ஒரு கால் அட்வெர்ப், அதாவது வினையடை பக்கம். இதை கண்டுபிடிக்க ஒரு எளிமையான சோதனை இருக்கு: முன்னாடி 'அண்ட்' வச்சுப் பாருங்க. 'அண்ட் ஸோ' வருதா, வருது. 'அண்ட் யெட்', வருது. 'அண்ட் தேர்ஃபோர்', வருது. 'அண்ட் பட்'? வராது. 'பட் ஆர்'? வராது. 'அண்ட்', 'பட்', 'ஆர்' மாதிரி அசல் கன்ஜங்ஷன் ரெண்டு பக்கத்துல பக்கத்துல நிக்காது, ஒரு கதவுக்கு ஒரு கீல்தான். 'யெட்', 'ஸோ' மாதிரி எது 'அண்ட்'டுக்கு பின்னாடி நிக்குதோ அது அந்த இடத்துல அட்வெர்ப்பா வேலை பாக்குதுன்னு அர்த்தம், அது கன்ஜங்ஷன் காட்டுற திருப்பத்துக்கு ஒரு சாயலை ஏத்துது.

இதே சோதனைப்படி பாத்தா 'பட் யெட்' இலக்கணத் தப்பு கிடையாது. ரெண்டும் ஏறக்குறைய ஒரே திசையில இழுக்குறதால இன்னைக்கு எழுதினா மிகையா, பழசா தெரியும், அதனால வேணாம்னு சொல்றது நியாயம். ஆனா தப்புன்னு சொல்றது நியாயமில்ல. ஷேக்ஸ்பியரோட கிளியோபாட்ரா நாடகத்துல, ஆன்டனியைப் பத்தி சேதி கொண்டு வந்தவன் நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லிட்டு 'பட் யெட்'னு இழுப்பான், உடனே அவ அந்த வார்த்தையையே பிடிச்சுப்பா, எனக்கு அந்த 'பட் யெட்'டே பிடிக்கல, முன்னாடி சொன்ன நல்லதையெல்லாம் கெடுக்குது, அது ஒரு ஜெயிலர் மாதிரி, பின்னாடியே ஒரு பயங்கரக் குற்றவாளியைக் கூட்டிட்டு வரும்னு திட்டுவா. ஒரு கன்ஜங்ஷனும் ஒரு அட்வெர்ப்பும் சேந்து ஒருத்தியோட வயித்துல புளியைக் கரைக்குறதை இதை விட நல்லா யாரும் காட்டினதில்லைன்னு நான் நினைக்கிறேன்.

இனி வெறும் 'பட்'டுக்கும் 'அண்ட் யெட்'டுக்கும் என்ன வித்தியாசம்? 'பட்' ரெண்டு விஷயத்தை எதிரெதிரா நிறுத்தும். 'அண்ட் யெட்' ரெண்டையும் சேத்துக் கட்டும், முதல்ல 'அண்ட்'னு ஏத்துக்குது, அதுக்கப்புறம் 'யெட்'னு ஆச்சரியப்படுது. தமிழ்ல 'ஆனா'வுக்கும் 'அப்படி இருந்தும்'க்கும் உள்ள வித்தியாசம் அது. 'பத்து தடவை சொன்னேன், ஆனா மறந்துட்டான்'னா தகவல். 'பத்து தடவை சொன்னேன், அப்படி இருந்தும் மறந்துட்டான்'னா அதுல மனசு இருக்கு. தகவல் சொல்ற இடத்துல 'அண்ட் யெட்' போட்டா நாடகமா தெரியும், மனசு சொல்ற இடத்துல 'பட்' போட்டா சப்புன்னு இருக்கும்.

கேள்வி: 'பட்'னு வாக்கியத்தை ஆரம்பிக்கலாமா?

தாராளமா, 'அண்ட்'னும் ஆரம்பிக்கலாம். 1611ல வந்த ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்புல முதல் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்க, கிட்டத்தட்ட எல்லா வசனமும் 'அண்ட்'லதான் ஆரம்பிக்குது. கூடாதுன்னு சொல்றது பள்ளிக்கூடத்துல சின்னப் பசங்க ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்படியே ஆரம்பிக்காம இருக்க போட்ட கட்டுப்பாடு, மொழியோட விதி இல்ல. 'பட்'டுக்கு அப்புறம் கமா மட்டும் தேவையில்லாம போடாதீங்க.

கேள்வி: 'ஆல்தோ ஐ வாஸ் டயர்ட், பட் ஐ வென்ட்'னு சொன்னா என் பொண்ணு சிரிக்கிறா. ஏன் தப்புன்னு அவளுக்கும் சொல்லத் தெரியல. அப்படியே 'ஈவன் இஃப்', 'ஈவன் தோ' வித்தியாசமும் சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், நீங்க பண்ற தப்பு யோசிக்கத் தெரியாததால வர்றது இல்ல, எதிர்ப்பை ரெண்டு பக்கமும் காட்டினா கேக்குறவருக்கு நல்லா புரியும்னு நினைக்கிறதுல வர்றது. ஆனா இங்கிலீஷ்ல 'ஆல்தோ' ஒரு கன்ஜங்ஷன், 'பட்' ஒரு கன்ஜங்ஷன், ரெண்டு வாக்கியத்தை ஒட்ட ஒரு கன்ஜங்ஷன் போதும், ரெண்டு வந்தா ஒட்டுறதுக்கு மூணாவது வாக்கியம் எங்கன்னு தேட வேண்டி வரும். ஏதோ ஒண்ணை எடுத்துருங்க, எதை எடுத்தாலும் சரி.

இதுல சுவாரஸ்யம் என்னன்னா 'ஆல்தோ ஐ வாஸ் டயர்ட், யெட் ஐ வென்ட்'னு சொன்னா அது தப்பில்ல. கொஞ்சம் பழைய நடை, அவ்வளவுதான். 'ஆல்தோ ஐ வாஸ் டயர்ட், ஐ ஸ்டில் வென்ட்' இன்னைக்கும் எல்லாரும் சொல்றது. ஏன் 'யெட்'டுக்கும் 'ஸ்டில்'லுக்கும் அனுமதி, 'பட்'டுக்கு இல்ல? முந்தின பதில்ல சொன்ன அதே காரணம்தான், அது ரெண்டும் அந்த இடத்துல அட்வெர்ப்பா நிக்க முடியும், 'பட்' முடியாது. உங்க பொண்ணுகிட்ட இதைச் சொல்லுங்க, சிரிக்க மாட்டா.

இப்ப 'ஈவன்'. இதுக்கு தமிழ்ல ஒரு அருமையான விடை இருக்கு, அதை யாரும் கிளாஸ்ல சொல்றதில்லைங்கிறது எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம். 'வந்தா' அப்படின்னா 'இஃப்'. அதோட ஒரு 'உம்' சேத்தா 'வந்தாலும்', அது 'ஈவன் இஃப்'. அதாவது 'ஈவன்' செய்யுற வேலையை நம்ம 'உம்' ஒண்ணே செஞ்சுருது. இங்கிலீஷ்ல அட்வெர்ப் கன்ஜங்ஷனுக்கு முன்னாடி நிக்குது, நமக்கு வினையோட வாலா ஒட்டிக்குது.

தொல்காப்பியர் இடைச்சொல் பத்தி எழுதின இடையியல்ல 'உம்'முக்கு எட்டு அர்த்தம் சொல்றார்: எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். இதுல 'எண்'ங்கிறது சாதாரண 'அண்ட்', அவனும் இவனும். 'முற்று'ங்கிறது எல்லாரும். 'சிறப்பு'ங்கிறதுதான் 'ஈவன்'. அதுக்கு இலக்கண புத்தகத்துல காலங்காலமா வர்ற உதாரணம் 'குறவரும் மருளும் குன்றம்', மலையிலயே பொறந்து வளந்த குறவர்கூட வழி தெரியாம தடுமாறுற மலைன்னு அர்த்தம். 'குறவரும்'ங்கிற அந்த 'உம்'மை இங்கிலீஷ்ல எழுதணும்னா 'ஈவன்' போட்டே ஆகணும், 'அண்ட்'னு போட்டா அர்த்தம் செத்துரும்.

அப்போ 'ஈவன் தோ'? நடந்து முடிஞ்ச உண்மைக்கு அது. தமிழ்ல அதுக்கும் தனி வடிவம் இருக்கு. 'படிச்சும் பாஸ் ஆகல', இங்க படிச்சது உண்மை, 'ஈவன் தோ'. 'படிச்சாலும் பாஸ் ஆக மாட்டான்', படிப்பானா மாட்டானான்னு தெரியாது, 'ஈவன் இஃப்'. வினையெச்சத்தோட 'உம்' சேந்தா நடந்தது, 'ஆல்'லோட 'உம்' சேந்தா பெரும்பாலும் நடக்கலாம் நடக்காம போகலாம். ஒரு எச்சரிக்கை, 'டயர்டா இருந்தாலும் போனேன்'னு உண்மைக்கும் நாம 'ஆலும்' போடுறோம், அந்த இடத்துலதான் நம்ம ஆளுங்க 'ஈவன் இஃப் ஐ வாஸ் டயர்ட், ஐ வென்ட்'னு வழுக்குறாங்க. வாக்கியத்தை தமிழ்ல 'டயர்டா இருந்தும்'னு மாத்திப் பாருங்க. மாத்த முடிஞ்சா 'ஈவன் தோ', முடியலைன்னா 'ஈவன் இஃப்'.

கேள்வி: 'ஒன்லி இஃப்', 'இஃப் ஒன்லி' ரெண்டும் வார்த்தை இடம் மாறினது மட்டும்தானே, ஏன் அர்த்தம் இவ்வளவு மாறுது?

இடம்தான் இங்க எல்லாமே. அட்வெர்ப் கன்ஜங்ஷனுக்கு முன்னாடி நின்னா அது அந்தக் கன்ஜங்ஷனையே கட்டுப்படுத்தும், 'ஒன்லி இஃப்'னா 'இந்த நிபந்தனை இருந்தா மட்டும்தான்'. 'ஐ வில் கம் ஒன்லி இஃப் யூ கால்', நீ கூப்பிட்டாதான் வருவேன். நம்ம 'தான்' அங்க 'ஒன்லி'யோட வேலையை அப்படியே பண்ணுது. இன்னொண்ணையும் கவனிங்க, 'ஒன்லி இஃப்' சொன்னா கூப்பிட்டா கண்டிப்பா வருவேன்னு வாக்கு கொடுத்ததா ஆகாது, கூப்பிடாம வர மாட்டேங்கிறது மட்டும்தான் உறுதி. ஒப்பந்தம், ரூல்ஸ் எழுதுறவங்க இதுல ரொம்ப கவனமா இருக்கணும்.

அட்வெர்ப் பின்னாடி போயிருச்சுன்னா அது கன்ஜங்ஷனை விட்டுட்டு பின்னாடி வர்ற விஷயத்தைப் பிடிச்சுக்கும். 'இஃப் ஒன்லி ஐ நியூ', தெரிஞ்சிருந்தா போதுமே, வேற எதுவும் கேக்கலையேன்னு ஒரு ஏக்கம். 'எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா...'ன்னு நாமளும் முடிக்காம விடுவோம்ல, அதே 'மட்டும்', அதே ஏக்கம். இப்படி ரெண்டு மொழியும் தனித்தனியா ஒரே இடத்துக்கு வந்து சேர்றதை பாக்குறப்போ எனக்கு உண்மையிலேயே சந்தோஷமா இருக்கும்.

மூணாவதா ஒண்ணு இருக்கு, அது பலர் கண்ணுல படறதில்ல. 'ஐ வில் ரீட் இட், இஃப் ஒன்லி பிகாஸ் யூ ஆஸ்க்ட்'. இங்க ஏக்கம் கிடையாது. 'நீ கேட்டேங்கிறதுக்காகவாவது படிக்கிறேன்'. அந்த 'ஆவது' இருக்கே, அதுதான் இங்க 'இஃப் ஒன்லி'. வேற காரணம் இல்லாம போனாலும் இந்தக் குறைஞ்சபட்ச காரணம் போதும்னு அர்த்தம்.

கேள்வி: 'ஹவெவர்'க்கு முன்னாடி கமாவா, ஃபுல்ஸ்டாப்பா?

'ஹவெவர்' கன்ஜங்ஷன் இல்ல, அட்வெர்ப். அதால ரெண்டு முழு வாக்கியத்தை ஒட்ட முடியாது, அதனால முன்னாடி ஃபுல்ஸ்டாப் இல்லைன்னா செமிகோலன், பின்னாடி கமா. அது வாக்கியத்துக்கு நடுவுலயும் கடைசிலயும்கூட போய் உக்காரும், 'பட்'டால அது முடியாது, இதை வச்சே ரெண்டும் வேற ஜாதின்னு தெரிஞ்சுக்கலாம். 'தேர்ஃபோர்', 'நெவர்திலெஸ்' எல்லாத்துக்கும் இதே கதைதான்.

'நெவர்திலெஸ்'னு எழுதும்போது ஒண்ணு ஞாபகம் வருது. நடுவுல இருக்கிற அந்த 'த' நாம நினைக்கிற 'த' இல்ல. பழைய இங்கிலீஷ்ல 'அதனால', 'அந்த அளவுக்கு'ன்னு வேற்றுமை ஏத்தின ஒரு வடிவம் இருந்துச்சு, அதோட மிச்சம் அது. ஆக மொத்த வார்த்தையோட அர்த்தம் 'அதனால ஒண்ணும் குறைஞ்சிடல'. 'த மோர் த மெரியர்'ல வர்றதும் அதே 'த'தான். இது தெரிஞ்சப்புறம் எனக்கு அந்த நீளமான வார்த்தை ஸ்பெல்லிங் பயமாவே இல்ல.

கேள்வி: நான் எழுதின கதையைப் படிச்சுட்டு ஒருத்தர் 'குட், இஃப் நாட் கிரேட்'னு மெயில் போட்டிருக்கார். பாராட்டா, குறையா? ரெண்டு நாளா மண்டைய குடையுது.

உங்களை சமாதானப்படுத்த ஒரே பதிலைச் சொல்லிடலாம்னு ஆசையா இருக்கு, ஆனா அது பொய்யாகிரும். 'இஃப் நாட்'டுக்கு ரெண்டு அர்த்தமும் உண்மையிலேயே இருக்கு. 'நல்லா இருக்கு, ஏன், பிரமாதம்னே சொல்லலாம்'னும் எடுக்கலாம், 'நல்லா இருக்கு, பிரமாதம்னு சொல்ல முடியாட்டியும்'னும் எடுக்கலாம். வாயால சொன்னா குரல் ஏறுதா இறங்குதான்னு தெரிஞ்சிரும், மெயில்ல குரல் இல்ல.

'ஹன்ட்ரட்ஸ், இஃப் நாட் தௌஸண்ட்ஸ்'னு எண்ணிக்கை வந்தா சந்தேகமே வராது, நூத்துக்கணக்கு, ஏன் ஆயிரக்கணக்குலகூட இருக்கலாம்னுதான் எல்லாரும் எடுப்பாங்க. 'டிஃபிகல்ட், இஃப் நாட் இம்பாஸிபிள்' அதே மாதிரி மேல ஏறும். குணத்தைச் சொல்ற வார்த்தை, அதுவும் பாராட்டு வந்தாதான் இந்தச் சிக்கல். அதனால நீங்க யாருக்காவது கருத்து எழுதும்போது இந்த 'இஃப் நாட்'டை தயவுசெஞ்சு பாராட்டுல போடாதீங்க. ஏத்தணும்னா 'குட், பெர்ஹாப்ஸ் ஈவன் கிரேட்'னு எழுதுங்க, இறக்கணும்னா 'குட், தோ நாட் கிரேட்'னு எழுதுங்க, படிக்கிறவர் ரெண்டு நாள் தூக்கம் கெடாம இருப்பார். உங்க விஷயத்துல அவர்கிட்டயே கேட்டுடுறது நல்லதுன்னு எனக்குத் தோணுது, கேக்குறதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல.

இதோட தம்பி ஒருத்தன் இருக்கான், 'இஃப் எனிதிங்'. 'இட் ஹேஸ் நாட் இம்ப்ரூவ்ட். இஃப் எனிதிங், இட் இஸ் வொர்ஸ்'. 'சரியாகல, சொல்லப்போனா இன்னும் மோசமாத்தான் ஆயிருக்கு'. வார்த்தைக்கு வார்த்தை போட்டு 'ஏதாவது இருந்தால்'னு சிலர் மொழிபெயர்க்குறதைப் பாத்திருக்கேன், படிச்சா 'என்ன இருந்தா?'ன்னு கேக்கத் தோணும்.

கேள்வி: ஒப்பீட்டுல 'ஆஸ்', 'தேன்' ரெண்டுலயும் நிறைய தப்பு பண்றேன். 'தென்', 'தேன்' ஸ்பெல்லிங்கும் மாறிப்போகுது.

ஸ்பெல்லிங் மாறிப்போறதுக்கு மனசு கஷ்டப்படாதீங்க, அது ரெண்டும் முதல்ல ஒரே வார்த்தைதான். 'அவன் உயரம், அப்புறம் இவன்'னு வரிசையா சொல்றதுல இருந்து 'இவனை விட அவன் உயரம்'ங்கிறது வந்துச்சு. ஸ்பெல்லிங் பிரிஞ்சு நிலைச்சதே 1700 வாக்குலதான். நமக்கு 'விட'ங்கிறது விடுங்கிற வினையில இருந்து வந்தது, இவனை விட்டுட்டுப் பாத்தா அவன் உயரம். 'காட்டிலும்'ல காட்டுறது இருக்கு, இவனைப் பக்கத்துல காட்டினாலும் அவன்தான் உயரம். அதுலயும் கடைசியில நம்ம 'உம்' வந்து நிக்குது பாருங்க.

'ஆஸ்' கதை இன்னும் அழகு. 'ஆஸ் டால் ஆஸ்'னு சொல்றப்போ முதல் 'ஆஸ்' அட்வெர்ப், ரெண்டாவது கன்ஜங்ஷன். ரெண்டுமே 'ஆல்ஸோ'ங்கிற வார்த்தை தேஞ்சு வந்தது, அதாவது 'அப்படியே முழுசா'. முதல் 'ஆஸ்' அட்வெர்ப்ங்கிறதாலதான் அதுக்கு முன்னாடி அளவு வைக்க முடியுது: 'ஜஸ்ட் ஆஸ் டால்', அதே உயரம், 'நியர்லி ஆஸ் டால்', கிட்டத்தட்ட, 'நாட் நியர்லி ஆஸ் டால்', பக்கத்துலயே வர மாட்டான், 'ட்வைஸ் ஆஸ் டால்', ரெண்டு மடங்கு. இதுல 'நாட் நியர்லி'யை நிறைய பேர் 'கிட்டத்தட்ட இல்ல'ன்னு புரிஞ்சுக்கிறாங்க, அப்படி இல்லைங்க, 'எட்டவே எட்டாது'ன்னு அர்த்தம், ரொம்ப கடுமையான வார்த்தை அது, ஒருத்தர் வேலையைப் பத்தி எழுதுறப்போ யோசிச்சு போடுங்க.

மடங்கு சொல்லும்போது 'த்ரீ டைம்ஸ் ஆஸ் பிக் ஆஸ்'னு எழுதுறதே பாதுகாப்பு. 'த்ரீ டைம்ஸ் பிக்கர் தேன்'னு எழுதினா பெரும்பாலானவங்க மூணு மடங்குன்னு எடுப்பாங்க, ஆனா சிலர் இருக்கிறதுக்கு மேல மூணு மடங்கு, ஆக மொத்தம் நாலுன்னு கணக்கு போடுவாங்க. எண் இருக்கிற இடத்துல அந்த வாய்ப்பைக் கொடுக்கக் கூடாது.

'தேன்'க்குப் பின்னாடி ஒரு அட்வெர்ப் ஒண்டிக்கட்டையா நிக்கிறதையும் பாத்திருப்பீங்க, 'பெட்டர் தேன் எவர்', 'லேட்டர் தேன் யூஷுவல்'. அங்க ஒரு முழு வாக்கியமே சுருங்கி உக்காந்திருக்கு, 'முன்னாடி எப்ப இருந்ததை விடவும்', 'எப்பவும் வர்றதை விட'. அப்புறம் 'நாட் ஸோ மச் ஏ லையர் ஆஸ் ஏ ட்ரீமர்'ங்கிற அமைப்பு, 'பொய்யன்னு சொல்றதை விட கனவு காண்றவன்னு சொல்லலாம்'. முதல் பதில்ல பாத்த 'பட் ரேதர்'க்கு இது மென்மையான அக்கா. 'பட் ரேதர்' முதல்ல சொன்னதை முழுசா தள்ளிரும், இது தள்ளாது, கொஞ்சம் பொய்யனும்தான்னு ஒப்புக்கிட்டு எடையை மட்டும் இந்தப் பக்கம் நகத்தும். ஒரு மனுஷனைப் பத்தி எழுதறப்போ நான் அதிகம் தேடிப் போறது இதைத்தான், ஏன்னா மனுஷங்க பாதிப் பாதியாத்தான் இருக்காங்க.

கேள்வி: மொழிபெயர்ப்பு பண்றேன். 'பட் தென்', 'பட் ஸ்டில்', 'ஆர் ரேதர்', 'ஆர் அட் லீஸ்ட்' எல்லாத்துக்கும் 'ஆனால்', 'அல்லது'ன்னே வந்து நிக்குது. எடிட்டர் தட்டையா இருக்குன்னு திருப்பி அனுப்புறார். என்ன பண்றது?

உங்க எடிட்டர் சரியான இடத்துலதான் கை வச்சிருக்கார். நீங்க கன்ஜங்ஷனை மொழிபெயர்த்துட்டு அட்வெர்ப்பை விட்டுடுறீங்க, ஆனா ஆசிரியர் மனசு இருக்கிறது அட்வெர்ப்லதான். தமிழ்ல அதுக்கு தனி வார்த்தை தேடினா கிடைக்காது, இடைச்சொல்ல தேடுங்க, வினையோட கடைசியில தேடுங்க: உம், ஏ, ஓ, தான், தானே, ஆவது, என்னமோ. சில நேரம் அது கன்ஜங்ஷன் இருந்த இடத்துலயே இருக்காது, வாக்கியத்தோட வாலுக்குப் போயிருக்கும்.

'த ஹவுஸ் இஸ் ஸ்மால், பட் தென் தேர் ஆர் ஒன்லி டூ ஆஃப் அஸ்'. 'வீடு என்னமோ சின்னதுதான், நாம இருக்கிறதும் ரெண்டே பேர்தானே'. இதுல 'ஆனா'வே வரல, வரவும் வேணாம். 'பட் தென்' சண்டை போடாது, முதல்ல சொன்ன குறை ஏன் பெரிய குறை இல்லைன்னு விளக்கும், அந்த விளக்கத்தை 'தானே' தாங்கிக்குது.

'ஹி இஸ் மை பாஸ், ஆர் ரேதர், ஹி வாஸ்'. 'அவர் என் பாஸ், இல்ல, பாஸா இருந்தவர்'. இங்க 'அல்லது' போட்டா ரெண்டுல எதையாவது எடுத்துக்கோன்னு அர்த்தம் ஆகும், அவர் சொல்ல வந்தது திருத்தம். அதே மாதிரி 'ஹி நோஸ், ஆர் அட் லீஸ்ட் ஹி ஸேஸ் ஸோ', 'அவனுக்குத் தெரியும், தெரியும்னாவது அவன் சொல்றான்'. 'மெனி, அண்ட் இன்டீட் மோஸ்ட்', 'நிறைய பேர், ஏன், முக்கால்வாசிப் பேரே'. இந்த 'ஏன்'ங்கிறது கேள்வியே இல்ல, படி ஏர்றதுக்கு நாம வைக்கிற கால், இதை எழுத்துல கொண்டு வர தயங்காதீங்க.

'பட் ஸ்டில்'ல மட்டும் இடத்தைப் பாத்து முடிவு பண்ணுங்க. 'இட் இஸ் ஓல்ட், பட் ஸ்டில், இட் வொர்க்ஸ்'னு 'பட்'டை ஒட்டி நின்னா 'பழசு, இருந்தாலும் ஓடுது'. 'பட் இட் ஸ்டில் வொர்க்ஸ்'னு வினைகிட்ட போயிருச்சுன்னா 'பழசுதான், இன்னும் ஓடுது'. 'ஸ்டில்'க்கு முதல் அர்த்தம் அசையாம இருக்கிறது, அதுல இருந்து 'இன்னமும்' வந்துச்சு, அதுல இருந்து 'இருந்தாலும்' வந்துச்சு. நம்ம 'இருந்தாலும்'லயும் இருக்கிறது இருக்கு. உங்க அடுத்த மொழிபெயர்ப்புல 'ஆனால்' வர்ற இடத்தையெல்லாம் பென்சில்ல வட்டம் போட்டுட்டு, மூலத்துல அதுக்கு அடுத்த வார்த்தை என்னன்னு ஒரு தடவை திரும்பிப் பாருங்க, அப்புறம் எடிட்டர் என்ன சொன்னார்னு எழுதுங்க.